இறந்த உடலை 'உறங்க வைத்த' டச்சு மருத்துவர்: யார் இந்த ஃபிரெடரிக் ரூய்ஷ்? ரஷ்ய மன்னர் விலைக்கு வாங்கிய ரகசியம் என்ன?

1697-ம் ஆண்டு. ரஷ்யாவின் ஜார் மன்னர் பீட்டர் ஐரோப்பியப் பயணத்தில் நெதர்லாந்து வந்திருந்தார். கப்பல் கட்டும் தொழிலைக் கற்றுக்கொள்வதுதான் அவருடைய முக்கியத் திட்டம். ஆனா, ஆம்ஸ்டர்டாமில் ஒரு டாக்டரின் காட்சிக்கூடத்துக்குப் போனவர், அங்கே இருந்த ஒரு குழந்தையின் உடல் முன்பு அப்படியே நின்றுவிட்டாராம். குனிந்து அதன் நெற்றியில் முத்தமிட்டார் என்றும் ஒரு கதை உண்டு.

அந்தக் குழந்தை தூங்கவில்லை. இறந்து பல காலம் ஆகியிருந்தது. ஆனால் கன்னத்தில் சிவப்பு மாறவில்லை, தோல் சுருங்கவில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து அதே மன்னர், அந்த டாக்டரின் மொத்தச் சேகரிப்பையும், உடலைக் கெடாமல் வைக்கும் ரகசியத்தையும் சேர்த்து 30,000 கில்டர் கொடுத்து வாங்கினார். ஒரு சாதாரண கைத்தொழிலாளி ஆண்டு முழுக்க உழைத்தால் சில நூறு கில்டர் கிடைத்த காலம் அது.

யார் அந்த டாக்டர்? அப்படி என்ன செய்தார்? அந்த உடல்கள் எல்லாம் யாருடையவை? பார்ப்போம்.

மருந்துக் கடையில் தொடங்கிய வாழ்க்கை

அவர் பெயர் ஃபிரெடரிக் ரூய்ஷ். 1638 மார்ச் மாதம் தி ஹேக் நகரில் பிறந்தவர். அப்பா அரசு ஊழியர். ரூய்ஷ் முதலில் மருந்து தயாரிக்கக் கற்றுக்கொண்டு, அதையே தொழிலாகவும் செய்தார். எந்தப் பொருளை எதில் ஊறவைத்தால் கெடாது, எதை எப்படி வடிக்க வேண்டும் என்ற கைப்பழக்கம் அங்கேதான் வந்தது. பின்னாளில் அவருக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்ததும் அதுதான்.

1661-ல் மரியா போஸ்ட் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். மரியாவின் அப்பா பீட்டர் போஸ்ட், நாடறிந்த கட்டடக் கலைஞர். குடும்பம் ஒருபக்கம், கடை ஒருபக்கம் என்று இருந்தபோதே லைடன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, 1664-ல் பட்டம் வாங்கினார். யான் ஸ்வாமர்டாம், ரெய்னியர் டி கிராஃப் என்று பின்னாளில் உலகம் பேசிய உடற்கூறு அறிஞர்கள் பலர் அதே காலத்தில் அங்கே படித்தவர்கள்.

பெயர் வாங்கித் தந்த 'வால்வு'

பட்டம் வாங்கிய மறு வருடமே, 1665-ல், ரூய்ஷ் ஒரு சிறு நூல் வெளியிட்டார். நம் உடலில் ரத்தக் குழாய்கள் தவிர நிணநீர்க் குழாய்களும் இருக்கின்றன. அவற்றுக்குள் வால்வுகள் உண்டா, இல்லையா என்பது அன்றைக்குப் பெரிய சண்டை. லூயி டி பில்ஸ் என்பவர் 'இல்லவே இல்லை' என்று சாதித்தார். ரூய்ஷ் அந்த நுண்ணிய குழாய்களைத் திறந்து, வால்வுகளைக் கண்ணெதிரே காட்டினார்.

இந்த வால்வுகள் ஒருவழிக் கதவு மாதிரி. நிணநீர் முன்னே போகலாம், திரும்பி வர முடியாது. இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் படிக்கும் அடிப்படைப் பாடம் இது.

ஒரே ஆள்... எத்தனை பதவி!

* 1667: ஆம்ஸ்டர்டாம் அறுவை மருத்துவர் சங்கத்தின் உடற்கூறு ஆசிரியர்
* 1668: நகரத்துப் பேறுகால மருத்துவச்சிகளுக்குத் தலைமைப் பயிற்சியாளர். இவரிடம் தேர்வாகாமல் யாரும் பிரசவம் பார்க்கக் கூடாது என்ற நிலை வந்தது
* 1679: நீதிமன்றத்துக்கு மருத்துவ ஆலோசகர். சந்தேக மரணங்களில் உடலைப் பரிசோதித்துச் சொல்லும் வேலை
* 1685: நகரத் தாவரவியல் பூங்காவில் தாவரவியல் பேராசிரியர்

இந்தப் பட்டியலில் நடுவில் இருக்கும் இரண்டு பதவிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தைகளின் உடல்கள் எப்படிக் கிடைத்தன என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

அழுகாத உடல்: எப்படிச் சாத்தியம்?

அன்றைய உடற்கூறு ஆசிரியருக்கு முதல் எதிரி நேரம். ஃபார்மலின் கிடையாது. அது பயன்பாட்டுக்கு வந்ததே 1890-களில்தான். குளிர்சாதனப் பெட்டியும் கிடையாது. அதனால் பொது இடத்தில் நடக்கும் உடற்கூறு வகுப்புகளைப் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் நடத்தினார்கள். பெரும்பாலும் மரண தண்டனை பெற்றவர்களின் உடல்கள். அவையும் எப்போதாவதுதான் கிடைக்கும். நாற்றம் தாங்காமல் போவதற்குள் அவசரமாக அறுத்து, காட்டி, முடித்துவிட வேண்டும்.

ரூய்ஷ் இதை இரண்டு படியாகச் சமாளித்தார்.

முதல் படி, ஊசி. உருக்கிய மெழுகு போன்ற கலவையில் சிவப்பு நிறமி சேர்த்து, அதை ரத்தக் குழாய்களுக்குள் செலுத்துவார். சூடாகப் போகும் கலவை மிக நுண்ணிய குழாய் வரை ஓடி, ஆறியதும் இறுகிவிடும். வெளிறிப்போன தோலுக்கு மறுபடியும் ரத்த ஓட்டம் வந்ததுபோல நிறம் வந்துவிடும். இந்த மெழுகு ஊசி முறைக்கு முன்னோடி, லைடனில் உடன் படித்த ஸ்வாமர்டாம். அதை யாராலும் எட்ட முடியாத நேர்த்திக்குக் கொண்டுபோனவர் ரூய்ஷ்.

இரண்டாம் படி, திரவம். கண்ணாடி ஜாடியில் உடலையோ உறுப்பையோ வைத்து, தெளிந்த சாராயக் கலவையை ஊற்றி, வாயை இறுக மூடிவிடுவார். அந்தச் சாராயத்தை வடிக்கும்போது கருமிளகு சேர்த்தார் என்கிறார்கள். உயிரோடு இருந்தவரை இந்தக் கலவையின் செய்முறையை அவர் ஊருக்குச் சொல்லவில்லை. அது அவருக்குத் தொழில் ரகசியம்.

சரிகையும் எலும்புக்கூடும்

புளூம்கிராக்ட் கால்வாய்க் கரையில் இருந்த ரூய்ஷின் வீடு கொஞ்சம் கொஞ்சமாகக் காட்சிக்கூடமாக மாறியது. மருத்துவர்கள், மன்னர்கள், ஊர் சுற்ற வந்த பயணிகள் என்று பலரும் வந்து பார்த்தார்கள். 1701 முதல் அந்தச் சேகரிப்புக்குப் பாகம் பாகமாகப் படங்களோடு விளக்கப் பட்டியலும் வெளியிட்டார்.

அங்கே என்ன இருந்தது? ஒரு ஜாடியில் குழந்தையின் கை. வெட்டப்பட்ட இடம் தெரியாமல் மெல்லிய சரிகைத் துணி சுற்றப்பட்டிருக்கும். இன்னொன்றில் தொப்பி அணிந்த குழந்தையின் தலை. இந்தத் துணி வேலையில் மகள் ரேச்சல் உதவினார் என்று சொல்வார்கள். அதே ரேச்சல் ரூய்ஷ்தான் பின்னர் மலர் ஓவியங்களுக்காக ஐரோப்பா முழுக்கப் புகழ்பெற்றார். ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் அரசவைக்கு ஓவியராகவும் இருந்தார்.

இன்னும் விசித்திரமானவை ரூய்ஷ் அமைத்த சிறு காட்சிகள். உடலில் இருந்து எடுத்த கற்களை அடுக்கி ஒரு குன்று. இறுகிய ரத்தக் குழாய்களே மரம், செடி. அதன்மேல் சிசுக்களின் எலும்புக்கூடுகள். ஒன்று வயலின் வாசிக்கும். இன்னொன்று உடலின் மெல்லிய சவ்வையே கைக்குட்டையாகப் பிடித்து அழும். ஒரு எலும்புக்கூட்டின் கையில் ஈசல் போன்ற பூச்சி. ஒரே நாளில் வாழ்ந்து முடிக்கும் பூச்சி அது. வாழ்க்கை எவ்வளவு குறுகியது என்பதுதான் அதன் பொருள். இந்தக் காட்சிகள் எதுவும் இன்று இல்லை. அச்சுப் படங்களாக மட்டுமே மிஞ்சியிருக்கின்றன.

இது எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. சக உடற்கூறு அறிஞரான கோவர்ட் பிட்லோ, ரூய்ஷை 'நுணுக்கமான கசாப்புக்காரர்' என்றே கிண்டல் செய்தார். ரூய்ஷும் விடவில்லை, அதைவிடக் காட்டமாகத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தக் குழந்தைகள் யார்?

இன்றைய வாசகருக்கு உறுத்தும் கேள்வி இதுதான்.

மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியாளர் என்பதால், இறந்தே பிறந்த குழந்தைகளும் பிறந்தவுடன் இறந்த குழந்தைகளும் ரூய்ஷின் பார்வைக்கு வந்தன. நீதிமன்ற மருத்துவர் என்பதால், சந்தேகத்துக்கிடமாக இறந்த சிசுக்களின் உடல்களும் அவரிடம்தான் வந்தன. வேறு எந்த உடற்கூறு ஆசிரியருக்கும் இப்படி ஒரு வழி திறந்திருக்கவில்லை.

யான் வான் நெக் 1683-ல் வரைந்த ஓவியம் ஒன்று ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. மேசையில் ஒரு சிசுவின் உடல். தொப்புள் கொடியும் நஞ்சும் இன்னும் பிரிக்கப்படவில்லை. சுற்றி அறுவை மருத்துவர்கள். ஓரமாக, குழந்தை எலும்புக்கூடு ஒன்றைக் கையில் பிடித்தபடி ஒரு சிறுவன். அவன் ரூய்ஷின் மகன் ஹென்ட்ரிக். படத்தில் இருக்கும் மருத்துவர்கள் யார் யார் என்பது பதிவாகி இருக்கிறது. நடுவில் கிடக்கும் குழந்தை யாருடையது என்பதை அந்த ஓவியம் சொல்வதில்லை.

இன்று மருத்துவக் கல்லூரிக்கு உடல் தானம் என்றால் படிவம் உண்டு, கையெழுத்து உண்டு, குடும்பத்தின் ஒப்புதல் உண்டு. ரூய்ஷின் காலத்தில் அப்படி ஒரு நடைமுறையே கிடையாது. அதை வைத்து அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனா, அந்தச் சரிகைக்குப் பின்னால் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் இருந்தார் என்பதை மறந்துவிடவும் முடியாது.

தாய்மார்களுக்கு என்ன கிடைத்தது?

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. குழந்தை பிறந்த பிறகு நஞ்சு வெளியே வரத் தாமதமானால், கையை விட்டு இழுத்து எடுக்கும் வழக்கம் அப்போது இருந்தது. அதில் ரத்தப்போக்கு ஏற்பட்டுத் தாயின் உயிருக்கே ஆபத்து வரலாம். 'அவசரப்பட்டு இழுக்காதீர்கள், இயற்கைக்கு நேரம் கொடுங்கள்' என்பதுதான் மருத்துவச்சிகளுக்கு ரூய்ஷ் சொன்ன பாடத்தின் சாரம்.

இதற்கு ஆதாரமாக, நஞ்சைத் தள்ளுவதற்கென்றே கருப்பையின் மேல்பகுதியில் தனித் தசை ஒன்று இருப்பதாக 1726-ல் எழுதினார். அப்போது அவருக்கு வயது 88. அப்படித் தனியாக ஒரு தசை இல்லை என்பது பின்னர் தெரிந்தது. காரணம் தவறு, ஆனால் அறிவுரை சரி.

எதில் வென்றார், எதில் சறுக்கினார்?

நுரையீரலின் மூச்சுக் கிளைகளுக்கு ரத்தம் தரும் தமனியை விவரித்தார். கண்ணின் உள்ளே நுண்ணிய ரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு படலம் நீண்ட காலம் அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது. மூக்கின் உள்ளே இருக்கும் ஒரு சிறு உறுப்பை 1703-ல் பதிவு செய்தார்.

சறுக்கியது எங்கே? சுரப்பிகள் பற்றிய விவாதத்தில். இத்தாலிய அறிஞர் மால்பீகி, 'உறுப்புகளுக்குள் தனியாகச் சிறு சுரப்பிகள் இருக்கின்றன' என்றார். ரூய்ஷோ, 'எல்லாமே ரத்தக் குழாய்கள்தான்' என்றார். லைடனின் புகழ்பெற்ற மருத்துவப் பேராசிரியரும் நண்பருமான பூர்ஹாவே இதில் மால்பீகி பக்கம். இருவரின் வாதமும் 1722-ல் நூலாகவே வெளிவந்தது.

சிறுநீரகத்தில் இருக்கும் நுண்ணிய உருண்டைகள் ரத்தக் குழாய்ச் சுருள்கள் என்ற விஷயத்தில் ரூய்ஷ் சொன்னதுதான் சரி. ஆனால் உடல் முழுக்கவே குழாய்தான் என்றது மிகை. அவரது ஊசி ரத்தக் குழாய்களை நிரப்பியது. அதனால் பார்த்த இடமெல்லாம் குழாயாகவே தெரிந்தது. கையில் இருக்கும் கருவி எதைக் காட்டுகிறதோ, அதுவே மொத்த உண்மை என்று நினைப்பதில் இருக்கும் சிக்கல் இது.

ஜார் மன்னர் வாங்கிய பிறகு என்ன ஆனது?

1717-ல் கைமாறிய சேகரிப்பு, கப்பலில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தது. வழியில் மாலுமிகள் ஜாடிகளைத் திறந்து சாராயத்தைக் குடித்துவிட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அது வெறும் கதை. காரணம், சுமார் 900 மாதிரிகள் 300 ஆண்டுகள் கடந்தும் அங்குள்ள குன்ஸ்ட்கமேரா அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன.

பணம் கைக்கு வந்தபோது ரூய்ஷுக்கு வயது 79. வேறு யாராக இருந்தாலும் ஓய்வெடுத்திருப்பார்கள். அவரோ மறுபடியும் முதலில் இருந்து புதுச் சேகரிப்பைத் தொடங்கினார். 1727-ல் ஐசக் நியூட்டன் இறந்தபோது, பாரிஸ் அறிவியல் கழகத்தில் காலியான அவரது இடத்துக்கு ரூய்ஷ் தேர்வானார். அதே காலத்தில்தான் மருத்துவரான மகன் ஹென்ட்ரிக்கையும் இழந்தார். 1731 பிப்ரவரி 22 அன்று, 92 வயதில், ஆம்ஸ்டர்டாமில் காலமானார்.

அவர் இறந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, இத்தாலியக் கவிஞர் லியோபார்டி ஒரு கற்பனை உரையாடல் எழுதினார். அதில் ரூய்ஷின் கூடத்தில் இருக்கும் இறந்தவர்கள் நள்ளிரவில் விழித்துப் பேசுகிறார்கள். நிஜத்தில் அவர்களுக்குப் பேசும் வாய்ப்பு யாரும் கொடுக்கவில்லை.

மனித உடல்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் அருங்காட்சியகங்கள், 'இது யாருடைய உடல்? யார் சம்மதித்தார்கள்?' என்ற கேள்வியை இன்று எதிர்கொள்கின்றன. மரணத்தைப் பார்த்துப் பயப்படாமல் மக்கள் உடலைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ரூய்ஷ் விரும்பினார். அதில் ஜெயித்தும் காட்டினார். அந்த ஜாடிகளில் இருக்கும் குழந்தைகளின் பெயர்கள் மட்டும் இன்றுவரை நமக்குத் தெரியாது.