கழுவேலியும் நம் பட்டாவும்

சென்ற பொதுக்குழுவில் பி பிளாக் நண்பர் ஒருவர் கேட்டார்: "சார், பள்ளிக்கரணையைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குக் கட்டட அனுமதி கிடையாது என்கிறார்களே, நம் ஃப்ளாட் விலை இறங்கிவிடுமா?" நேரமாகிவிட்டதால் செயலாளர் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல நாற்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

பழைய ஆட்கள் இந்த இடத்தைக் கழுவேலி என்பார்கள். தென்சென்னைப் பக்கம் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள் நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் வந்து சேரும் தாழ்வான சதுப்பு அது. அங்கே தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கும். மழைக்காலத்தில் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும், கோடையில் நிலத்தடி நீருக்குக் கொடுக்கும். வங்கிக்காரன் பாஷையில் சொன்னால் வைப்புக் கணக்கு. 1960களில் சுமார் 5,000 ஹெக்டேர் இருந்ததாகச் சொல்கிறார்கள். இன்று சதுப்பாகவே எஞ்சியிருப்பது அதில் ஒரு சிறு பங்குதான்.

எப்படிக் கரைந்தது என்று பார்த்தால் யாரோ ஒரு வில்லன் செய்த வேலை இல்லை. பயிர் விளையாத, வரி வராத நிலம் என்றால் அரசாங்கக் கண்ணுக்கு அது வெறும் நிலம். பெருங்குடியில் மாநகராட்சி குப்பை கொட்டத் தொடங்கியது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. மத்திய அரசு ஆய்வு நிறுவனங்களுக்கு இடம் கொடுத்தார்கள். துரைப்பாக்கம் - பல்லாவரம் ரேடியல் சாலை சதுப்பை நடுவில் அறுத்தது, பறக்கும் ரயில் ஓரமாக வந்தது. பிறகு ஐ.டி. கம்பெனிகள், அவற்றின் பின்னால் நாம்.

இதில் விசித்திரம், தேசிய அளவில் பாதுகாக்க வேண்டிய 94 ஈரநிலங்கள் என்று மத்திய அரசு போட்ட பட்டியலில் பள்ளிக்கரணையும் இருந்தது. ஒரு கை பட்டியலில் சேர்த்தது, இன்னொரு கை குப்பை கொட்டியது.

முதலில் குரல் கொடுத்தவர்கள் பறவை ஆர்வலர்கள் மட்டுமல்ல, நம்மைப் போன்ற குடியிருப்போர் சங்கங்களும்தான். குப்பைமேட்டில் தீப்பிடித்து, புகை வீட்டுக்குள் வந்தது. குழந்தைகளுக்கு இருமல். வேளச்சேரி, பெருங்குடிப் பக்கத்து மக்கள் மனு எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள், நீதிமன்றம் போனார்கள். புகைக்காகத் தொடங்கியவர்கள்தாம் போகப்போக பூநாரைக்கும் கூழைக்கடாவுக்கும் சேர்த்துப் பேசினார்கள். கேர் எர்த் அறக்கட்டளை போன்றவர்கள் அங்கே வாழும் உயிரினங்களைக் கணக்கெடுத்துக் கொடுத்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட பறவை இனங்கள் என்று எண்ணிக்கை கைக்கு வந்ததும் மனுவுக்கு எடை கூடியது. கணக்கு இல்லாத கோரிக்கையை எந்த அலுவலகமும் மதிக்காது. இதை நான் முப்பத்தைந்து வருடம் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து பார்த்தவன்.

பலன் மெதுவாக வந்தது. 2007இல் 317 ஹெக்டேரைத் தமிழக அரசு காப்புக்காடாக அறிவித்தது. வருவாய்த் துறையிடம் இருக்கும் புறம்போக்கை நாளைக்கே யாருக்கும் ஒதுக்கலாம். காப்புக்காடு ஆகிவிட்டால் அப்படி முடியாது, மத்திய அரசின் வனச் சட்டம் குறுக்கே நிற்கும். 2022இல் 1,247.54 ஹெக்டேர், ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் ஆனது. தமிழ்நாட்டில் அதுவரை கோடியக்கரைக்கு மட்டுமே இருந்த அந்தஸ்து அது.

இடையில் 2015 டிசம்பர் வந்தது. வேளச்சேரியில் படகு விட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் மறுபடி அதே கதை. நம் ஜெனரேட்டர் அறைக்குள் தண்ணீர் நின்றதும் அப்போதுதான்.

ராம்சார் எல்லை தெரியும். ஆனால் அதைச் சுற்றி எதுவரை கட்டினால் சதுப்பைப் பாதிக்கும்? அதை அறிவியல்பூர்வமாக வரையறுக்கும்வரை எல்லைக்குள்ளும் சுற்றி 1 கிலோமீட்டருக்கும் புதிய அனுமதி தரக்கூடாது என்று 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது. நண்பர் கேட்டது இதைத்தான்.

இங்கே என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். வங்கியில் வீட்டுக்கடன் மனுக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பட்டா, வில்லங்கச் சான்றிதழ், அனுமதி வரைபடம் எல்லாம் சரியாக இருந்தால் டிக் போட்டு மேலே அனுப்பிவிடுவேன். மழை பெய்தால் அந்த மனைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்க எங்கள் படிவத்தில் கட்டமே கிடையாது. நான் இந்த ஃப்ளாட் வாங்கும்போதும் கேட்கவில்லை.

விலை இறங்குமா என்பதற்கு: தெரியாது. நம் கட்டடம் ஏற்கெனவே கட்டி முடித்தது, உத்தரவு புதிய அனுமதிகளைப் பற்றியது. அடுத்த பொதுக்குழுவில் நம் சர்வே எண்ணையும் சதுப்பின் எல்லை வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நம் பின்சுவரை ஒட்டிப் போகும் மழைநீர்க் கால்வாய் எங்கே போய்ச் சேருகிறது என்பதையும் அன்றே பார்த்துவிடலாம். எனக்கு இதுவரை அது தெரியாது.