கண்டனம் என்னும் சொல்

ஆங்கிலத்தில் 'சென்ஷர்' என்றொரு சொல் உண்டு. தணிக்கை தொடர்பான 'சென்ஸார்' என்னும் சொல்லோடு மாணவர் பலர் அதனை மயங்கக் கண்டிருக்கிறேன். இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவையே. பண்டை ரோமாபுரியில் குடிமக்களின் பெயரேட்டைப் பேணிய அதிகாரி சென்ஸார் எனப்பட்டார். ஒழுக்கம் தவறியவர் பெயரருகே அவர் ஒரு குறி இடுவார். இன்று சென்ஷர் என்பது, ஒரு மன்றம் முறைப்படி நிறைவேற்றும் கண்டனத்தைக் குறிக்கும்.

"கண்டனத்தால் பதவி போகாதெனில் பயன் யாது, ஐயா?" என்று ஒரு மாணவன் முன்பு என்னை வினவினான். சரித்திரமே அதற்கு விடை கூறட்டும்.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்ஸன், 1833-இல் அரசாங்கப் பணத்தை ஐக்கிய நாட்டு வங்கியினின்றும் விலக்கச் செய்தார். அது குறித்துச் செனட் சபை கேட்ட பத்திரத்தைத் தர மறுத்தார். அரசியல் சட்டம் அளியாத அதிகாரத்தைக் கைக்கொண்டார் என்று 1834 மார்ச் 28 அன்று சபை அவரைக் கண்டித்தது. ஆதரவு 26, எதிர்ப்பு 20. தலைவர் பதவியிலேயே இருந்தார். ஆயினும் மனம் அமையவில்லை. நீண்டதொரு மறுப்புரை விடுத்தார். சபையோ அதனை ஏட்டில் பதிய மறுத்தது.

அவர்தம் ஆதரவாளர் தாமஸ் பென்டன் விடாது முயன்றார். முடிவில் 1837 ஜனவரி 16 அன்று சபை தன் கண்டனத்தை நீக்கியது. நடவடிக்கை ஏட்டில் அப்பகுதியைச் சுற்றிக் கருங்கோடு வரைந்து, சபையின் ஆணைப்படி நீக்கப்பட்டதென்று எழுதினர்.

வெறுஞ்சொல்லாயின், அதனை அழிக்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பாடுபடுவரோ? பிறரைக் கண்டிக்க எழுமுன் மாணவர்கள் அக்கருங்கோட்டை நினைவிற் கொள்வார்களாக.