கிள்ளானில் ஒழிந்தது, மலைத்தோட்டத்தில் பெருகியது

கொசு ஒழிப்பு என்றதும் நமக்குப் புகையடிக்கும் இயந்திரமும் சுகாதார இலாகா அபராதமும்தான் நினைவுக்கு வரும். ஆனால், "எந்தக் கொசு?" என்று முதலில் கேட்க வேண்டும் என்பதை இந்நாடு கற்றுக்கொண்டது நூறு ஆண்டுகளுக்கு முன்பு. அந்தப் பாடத்துக்கு உயிரை விலையாகக் கொடுத்தவர்களில் நம் தோட்டப் பாட்டாளிகள் ஏராளம்.

1901இல் மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளானில் பணியேற்றார். முப்பது வயதுகூட ஆகவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் சதுப்பு நிலத்தில் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பட்டது. சில வாரங்களிலேயே மலேரியா பரவி, துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ரோஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897இல்தான். அந்தப் புத்தம்புதிய அறிவை நம்பி, வாட்சன் காட்டை வெட்டி வாய்க்கால் தோண்டச் சொன்னார். அரசாங்கமும் பணம் ஒதுக்கியது. கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901இல் காய்ச்சலுக்குப் பலியானவர்கள் 368 பேர். 1902இல் 59 பேர்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். ஆனால் அது ரப்பர் விலை ஏறிய காலம். உள்நாட்டு மலைச்சாரல்களிலும் காடு அழிந்து தோட்டங்கள் எழுந்தன. கரையோரத்தில் காய்ச்சலை விரட்டிய அதே காடுவெட்டு, இங்கே காய்ச்சலை வரவழைத்தது!

காரணம் என்ன? கரையோரத்துக் கொசுவான அனோபிலிஸ் அம்ப்ரோசஸ், நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடும். மரம் போய் நீர் வடிந்ததும் அதற்கு இடமில்லை. மலைப்பக்கத்து அனோபிலிஸ் மேக்குலேட்டஸ் அப்படியல்ல. வெயில் படும் தெளிந்த ஓடைதான் அதற்குப் பிடிக்கும். காட்டின் நிழலில் கிடந்த ஓடைகளை நாமே வெயிலுக்குத் திறந்துவிட்டோம். பக்கத்திலேயே லயங்களும் இருந்தன. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்து, பால்மரக் காட்டில் முதல் சம்பளத்தை எண்ணும் முன்பே சுருண்டவர்கள் எத்தனையோ பேர்.

வாட்சன் இதைக் கவனித்து, மலை ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் ஓடவிடச் சொன்னார். செலவு அதிகம். பின்னர் மலிவான வழியாக எண்ணெய் வந்தது. நீரின்மேல் படரும் எண்ணெய்ப் படலம் கூத்தாடிப் புழுவை மூச்சுவிடவிடாது. புழு கொசுவாகச் சில நாள் போதும் என்பதால் வாரந்தோறும் தெளிக்க வேண்டும். முதுகில் எண்ணெய்த் தொட்டியைச் சுமந்து கால்வாய் ஓரம் நடந்தவர்களும் நம் ஆட்கள்தாம். வாட்சனுக்குப் பின்னாளில் 'சர்' பட்டம் கிடைத்தது. அது தகுதியானதே. ஆனால் இவர்கள் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? அடுத்த கப்பலில் ஆள் வரும் என்றிருந்த காலத்தில், கால்வாய்ச் செலவை வீண் என்று நினைத்த துரைமார்களையும் நான் மன்னிக்கத் தயாரில்லை.

1967இல் மலேசியா மலேரியா ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் தொற்றவில்லை. இப்போது வருவது குரங்கிலிருந்து தாவும் நோலெசி மலேரியா. சபா, சரவாக்கில்தான் அதிகம். அதைச் சுமப்பது காட்டுக் கொசு. அது அதிகம் கடிப்பது, காட்டோரத்திலும் தோட்டத்திலும் வேலை செய்பவர்களை.