மேட்டு நிலத்து டைமிங்

1898-இல் பெங்களூரைப் பிளேக் நோய் அலைக்கழித்த பின்னர், காற்றும் வெளிச்சமும் தாராளமாகப் புகும் வீடுகள் வேண்டுமென்ற நோக்கத்துடன் 1906-இல் அஸ்திவாரமிடப்பட்டு, மைசூர் ரெஸிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரைச் சூடிய பிரேசர் டவுன், வயதில் மோட்டார் வண்டிக்கு ஏறக்குறைய உடன்பிறப்பு. பாட்டரி, காயில், பாயிண்ட் மூன்றையும் இணைத்துத் தீப்பொறி உண்டாக்கும் முறையை அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் காடிலாக் வண்டிகளுக்கு அமைத்துத் தந்ததும் அந்தப் பத்தாண்டின் இறுதியில்தான்.

அதற்கு முற்பட்ட வண்டிகளில் பொறியை முந்தச் செய்வதும் பிந்தச் செய்வதும் (இதுவே டைமிங்) ஸ்டியரிங்கை ஒட்டிய சிறு நெம்புகோல் வழியாக ஓட்டுபவரின் பொறுப்பாக இருந்தன. பிற்காலத்தில் அந்தப் பொறுப்பை டிஸ்டிரிபியூட்டருக்குள் இருந்த எடைகளும் வாக்குவமும் ஏற்றன. ஆயினும் ஆதார நிலையை நிர்ணயிக்கும் அதிகாரம் மட்டும் மெக்கானிக்கை விட்டு அகலவில்லை. எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது அந்த எடைகள் இன்னும் விரியாமையால், வேறெந்தக் கலப்புமின்றி அவ்வாதார நிலை தெளிவாகத் தெரியும்.

அம்பாசடர் வண்டியைக் கையாண்ட பழைய மெக்கானிக்குகளின் கிரமம் இது: முதலில் பாயிண்ட் இடைவெளி, ஏனெனில் பாயிண்டின் கால் தேயத்தேய இடைவெளி சுருங்கிப் பொறி பிந்திவிடும்; அதன்பின் கிளாம்பைத் தளர்த்தி, டெல்கோ என்று அவர்கள் அழைத்த டிஸ்டிரிபியூட்டரை மயிரிழையளவு திருப்பி, எஞ்சின் சீராக வேகமெடுக்கும் இடத்தைக் காதினால் கண்டு, அங்கிருந்து சற்றே பின்வாங்கி இறுக்குவது. டைமிங் லைட் வைத்திருந்தவர்கள் புல்லியின் குறியைப் பார்த்தனர். காதை நம்பியவர்களை அநாகரிகர் என்று எள்ளும் சில பொறியியல் பட்டதாரிகளின் அபிப்பிராயம் எனக்கு உடன்பாடன்று.

காரணம் உண்டு. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் அமைந்த பிரதேசம். காற்று மெலிந்திருப்பதால் சிலிண்டருள் அழுத்தம் குறைகிறது, கலவை எரியவும் சற்று அதிக நேரம் பிடிக்கிறது. ஆகவே கையேட்டின் எண்ணைக் காட்டிலும் பொறியைக் கொஞ்சம் முந்தச் செய்தாலும் எஞ்சின் இங்கே நாக்கிங் செய்யாது. ஆனால் அதே வண்டி கிருஷ்ணகிரி இறக்கத்தைக் கடந்து, அடர்ந்த காற்றும் கடும் வெப்பமும் உள்ள சமவெளியில் சுமையுடன் செல்லும்போது, பிஸ்டனின் தலையில் அடி விழுவதுபோன்ற ஓசை எழும். ஊருக்கேற்ற அமைப்பை அச்சிட்ட எண் அறியாது, காது அறியும்.

1951-இல் தோன்றி, பெங்களூர் அடுகோடியில் இயங்கிய மைக்கோவின் பிளக்குகளும், சென்னை பாடியிலிருந்து வந்த லூகாஸ்-டிவிஎஸ் டிஸ்டிரிபியூட்டர்களும் இத்தொழிலை நெடுங்காலம் தாங்கின. கணினி பொறியை ஆளத் தொடங்கியதும் அது சுருங்கிற்று. 2014 மே மாதத்தில் உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தியும் நின்றது. பெங்களூரில் டைமிங் வைத்த பழைய வண்டியில் சென்னைக்குப் புறப்படும் அன்பர்கள், ஓசூரைத் தாண்டுமுன் டெல்கோவைச் சற்றே திருப்பிப் பொறியைப் பிந்தச் செய்துகொள்வது நலம்.