பெஞ்சு ஓரத்து ஆசாமி

திருப்பூரில் காலை 11 மணி வாக்கில் ஏதாவது ஒரு பனியன் கம்பெனி வாசலில் நின்று பாருங்கள். டீ நேரம். கட்டிங் மாஸ்டர், ஓவர்லாக் டெய்லர், செக்கிங் பெண்கள், கைமடிப் பையன்கள் என்று மொத்தக் கூட்டமும் வெளியே கொட்டும். டீக்கடை பெஞ்சில் இடம் பிடிக்க ஒரு சின்ன ஓட்டப்பந்தயமே நடக்கும்.

இத்தனைக்கும் பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு. டீயை மிஷினுக்கே வரவழைத்துக் குடித்துவிட்டு இன்னும் நாலு டஜன் தைத்துத் தள்ளலாம். ஆனாலும் வருகிறார். வந்து என்ன செய்கிறார்? பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. அதுதான் வேடிக்கை.

எண்ணிப் பாருங்கள். பெஞ்சைச் சுற்றிப் பத்து பேர் இருந்தால், பேசுகிறவர்கள் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று. மற்றவர்கள் கிளாஸை உருட்டிக்கொண்டு கேட்கிறார்கள். குறிப்பாக ஓரத்தில் ஒரு ஆசாமி இருப்பார். வருஷக் கணக்கில் வருகிறவர். வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. நாளைக்கும் அதே இடத்தில் இருப்பார்.

இந்த வாரம் அவரைப் பற்றித்தான். சாதாரண ஆளில்லை அவர். முந்நூறு வருஷத்துக்கு மேல் சரித்திரம் உண்டு.

லண்டனில் முதல் காப்பிக்கடை 1652-ல் திறந்தது. அடுத்த சில வருடங்களில் ஊர் முழுக்கக் காப்பிக்கடை மயம். ஒரு பென்னி கொடுத்தால் போதும். காப்பி, பத்திரிகை, அடுத்தவர் விவாதம் எல்லாம் கிடைக்கும். பிரபு பக்கத்தில் வியாபாரி, வியாபாரி பக்கத்தில் கப்பல்காரன். எட்வர்ட் லாயிட் என்பவர் நடத்திய கடையில் கப்பல் சேதி கேட்க வந்த கூட்டம்தான், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற லாயிட்ஸ் இன்ஷூரன்ஸ் சந்தையாக வளர்ந்தது.

இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்கு இதெல்லாம் சுத்தமாகப் பிடிக்கவில்லை. வேலைவெட்டியைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்து அரசாங்கத்தைப் பற்றிப் பொய்யும் புரளியும் பரப்புகிறார்கள் என்று எரிச்சல். 1675 டிசம்பர் 29 அன்று ஓர் ஆணை போட்டார். ஜனவரி 10 முதல் காப்பிக்கடைகள் கூடாது. அவ்வளவுதான், ஊரே கொதித்துவிட்டது. கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் மன்னரே ஆணையை வாபஸ் வாங்கிக்கொண்டார். அந்தச் சார்லஸின் அப்பா தலையை வெட்டிய ஊர் அது. ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா?

அந்தக் காப்பிக்கடைகளில்தான் நம் ஓரத்து ஆசாமி முதன்முதலாக அச்சில் ஏறினார். 1711-ல் அடிசனும் ஸ்டீலும் ‘ஸ்பெக்டேட்டர்’ பத்திரிகை தொடங்கினார்கள். கதை சொல்லியாக ஒரு கற்பனை மனிதர். எல்லாக் காப்பிக்கடைக்கும் போவார். பேப்பர் படிப்பதுபோல் பாவனை செய்தபடி எல்லா மேஜைப் பேச்சையும் காதில் வாங்கிக்கொள்வார். தான் மட்டும் பேசவே மாட்டார். லண்டன்வாசிகள் விழுந்து விழுந்து படித்தார்கள். பாதிப் பேர் தங்களையே அதில் பார்த்திருப்பார்கள் என்பது என் அனுமானம்.

சரி, அவர்கள் பொழுதுள்ள கனவான்கள். நாள் முழுக்கக் கை ஓயாமல் வேலை பார்க்கிறவன் எங்கே போய் விவாதம் கேட்பான்?

கியூபாவில் இதற்கு அருமையான ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஹவானாவில் சுருட்டுத் தொழிற்சாலைகள் உண்டல்லவா? சுருட்டுச் சுற்றக் கை வேண்டும், கண் வேண்டும். காது சும்மாதானே இருக்கிறது? 1865-ல் அங்கே ஒரு வழக்கம் ஆரம்பித்தது. ஒருவர் உயரமான இடத்தில் உட்கார்ந்து பத்திரிகையும் நாவலும் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் கேட்டபடி சுற்றுவார்கள். படிக்கிறவருக்குச் சம்பளம் முதலாளி தருவதில்லை. தொழிலாளிகள் தங்கள் கூலியிலிருந்து போட்டுத் தருவார்கள். கேட்பதற்காகக் காசு கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ‘மான்டி கிறிஸ்டோ’ என்று ஒரு பிரபல சுருட்டு பிராண்ட் இருக்கிறதே, அலெக்ஸாந்தர் துமாவின் நாவல் பெயர்தான். சுருட்டுக்காரர்கள் விரும்பிக் கேட்ட கதை.

அடுத்த வருஷமே, 1866-ல், ஸ்பானிய அரசாங்கம் தடை போட்டது. அங்கேயும் நிற்கவில்லை. தடை போனது, வாசிப்பு திரும்பி வந்தது.

ஹவானா வரை போவானேன்? பக்கத்தில் கேரளத்துக் கண்ணூரில் பீடித் தொழிலாளிகள் இதையே செய்தார்கள். ஒருவர் பேப்பர் படிப்பார். அந்த நேரத்துக்கு அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கு போட்டுச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். கண்ணூர் அரசியலுக்கு அந்தப் பீடிக்கூடங்கள்தான் பள்ளிக்கூடம்.

திருப்பூரில் இது நடக்காது. காரணம், சத்தம். வரிசையாகப் பவர் டேபிள் ஓடுகிற இடத்தில் பக்கத்து மிஷின்காரர் கத்தினாலே காதில் விழாது. பல கம்பெனிகளில் அதையும் மிஞ்சும்படி ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு வேறு. பாட்டு கேட்கலாம், செய்தி கேட்க முடியாது. ஆகவே சேதியும் விவாதமும் மிஷினை விட்டு இறங்கி வாசலுக்கு வந்தன. டீக்கடைக்கு.

அதற்குக் கொங்கு நாடு ஏற்கெனவே தயாராக இருந்தது. 1925 மே 2-ம் தேதி பெரியாரின் ‘குடி அரசு’ பக்கத்து ஊரான ஈரோட்டில் பிறந்தது. 1931 சென்சஸ்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்து பேர்கூட இல்லை. அப்புறம் பத்திரிகை எப்படிப் பரவியது? ஒருவர் வாங்குவார், ஒருவர் படிப்பார், இருபது பேர் கேட்பார்கள். சலூனிலும் டீக்கடையிலும் நடந்தது இதுதான். விற்பனைக் கணக்கில் ஒரு பிரதி. நிஜக் கணக்கு எந்த லெட்ஜரிலும் ஏறாது.

பெரியாரும் அண்ணாவும் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டது திருப்பூரில்தான் தெரியுமோ? 1934-ல், ஓர் இளைஞர் மாநாட்டில். 1949-ல் தி.மு.க. பிறந்தபிறகு தெருவுக்குத் தெரு படிப்பகங்கள் முளைத்தன. ஒரு ஓலைக் கொட்டகை, ஒரு மேஜை, நாலு பேப்பர். கம்யூனிஸ்டுகளுக்கு ‘ஜனசக்தி’. எல்லோருக்கும் பொதுவாக 1942-ல் மதுரையில் ஆதித்தனார் தொடங்கிய ‘தந்தி’. சின்னச் சின்ன வாக்கியம், கொட்டை எழுத்துத் தலைப்பு. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரும் தைரியமாக உரக்கப் படிக்கலாம்.

“ஏனுங்க, அந்தக் கடைசி வரிய இன்னொருக்கா படிங்க.”

“அதெல்லாம் பொய்யிங்க. பேப்பர்காரன் அப்படித்தான் எழுதுவான்.”

ஆரம்பித்துவிடும். நம் ஓரத்து ஆசாமி அசையமாட்டார்.

அவருக்கு அப்படி என்ன சுகம்? இரண்டு கட்சியையும் கேட்கலாம், எந்தக் கட்சியிலும் சேர வேண்டாம். அவருக்கும் மனசுக்குள் ஒரு கருத்து இருக்கிறது. எதிர்க்கட்சிக்காரர் அதை நார் நாராகக் கிழித்தால்? சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டு எழுந்து போய்விடலாம். தோற்றது யாருக்கும் தெரியாது. பேசுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. நேற்று சொன்னதை இன்றைக்கும் காப்பாற்றியாக வேண்டும், பாவம்.

லாபமும் உண்டு. எந்தக் கம்பெனியில் பீஸுக்கு என்ன ரேட், எங்கே போனஸ் ஒழுங்காக வரும், எந்தக் கான்ட்ராக்டர் வாரச் சம்பளத்தை இழுத்தடிப்பார், எல்லாம் பெஞ்சில்தான் அடிபடும். 1984-ல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர் பனியன் தொழிலாளிகள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாலு மாதத்துக்கு மேல் கூலி இல்லை. செல்போன் இல்லாத காலம். பேச்சுவார்த்தை எதுவரை வந்தது, யார் உள்ளே போய்விட்டார்கள், யார் இன்னும் வெளியே நிற்கிறார்கள் என்பதெல்லாம் வாய்வழியாகத்தான் பரவியாக வேண்டும். வாய் இருந்த இடம் சங்க ஆபீஸ், டீக்கடை.

கடைக்காரருக்குத்தான் தர்மசங்கடம். ஒரு டீக்கு ஒரு மணி நேரம் பெஞ்சைத் தேய்த்தால் வியாபாரம் என்னாவது? அதனால் ஒரு போர்டு: ‘இங்கே அரசியல் பேசாதீர்கள்.’ தமிழ்நாடு முழுக்க, சலூன் உட்பட, பார்த்திருப்பீர்கள். இரண்டாம் சார்லஸின் ஆணைக்கு என்ன மரியாதை கிடைத்ததோ அதேதான் இந்த போர்டுக்கும். சரியாக அதன் கீழே உட்கார்ந்துகொண்டுதான் ஆட்சியைக் கவிழ்ப்பார்கள். ‘தினமலர்’ பேசாமல் ‘டீக்கடை பெஞ்ச்’ என்று ஒரு பகுதியே ஆரம்பித்துவிட்டது.

2000-ஐ ஒட்டிய வருடங்களில் அமெரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் போன தமிழர்கள் இன்டர்நெட்டில் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். யாஹூ குழுமங்கள் கொடிகட்டிப் பறந்த காலம். இரண்டு குழுமங்களின் பெயரைக் கேளுங்கள். ‘மரத்தடி’. ‘ராயர் காப்பி கிளப்’. எவ்வளவு தூரம் போனாலும் தமிழனுக்கு உட்கார்ந்து பேச ஒரு நிழலும் ஒரு டம்ளர் காப்பியும் வேண்டியிருக்கிறது. அங்கும் எழுதியவர்கள் கொஞ்சம், படித்துவிட்டு நகர்ந்தவர்கள் நிறைய. ஜேக்கப் நீல்சன் என்ற ஆராய்ச்சியாளர் 2006-ல் இதற்கு ஒரு கணக்கே சொன்னார். நூறு பேர் கூடினால் ஒருவர் ஓயாமல் எழுதுவார், ஒன்பது பேர் எப்போதாவது. தொண்ணூறு பேர் வெறுமனே படிப்பார்கள். நம் ஆள் ஓரத்தில் இல்லை, அவர்தான் மெஜாரிட்டி! 2020 டிசம்பரில் யாஹூ குழுமங்களை மூடிவிட்டது. அந்தத் தொண்ணூறு பேரும் வேறு நிழல் பார்த்துப் போயிருப்பார்கள்.

மறுபடி திருப்பூர். இன்றைக்கு அதே 11 மணிக்கு கம்பெனி வாசலில் கொட்டுகிற கூட்டத்தில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள் ஏராளம். அவர்களும் டீ குடிக்கிறார்கள். அவர்களும் ஓரத்தில்தான், வாயைத் திறக்காமல்தான் நிற்கிறார்கள். ஆனால் இவர் அந்தப் பழைய ஆசாமி இல்லை. இவருக்குப் பேச்சே புரியாது. தொங்குகிற போஸ்டரைப் படிக்கத் தெரியாது. பெஞ்சில் ஊர் விவகாரம் கொதிக்கும். இவர் கையில் செல்போன், அதில் இந்தி வீடியோ.

2023 மார்ச் முதல் வாரத்தில் அந்த செல்போன்களில் சில வீடியோக்கள் வந்தன. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளிகளை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று. பழைய சம்பவங்கள், சம்பந்தமே இல்லாத அடிதடிகள், வெளிமாநிலக் காட்சிகளும்கூட. எல்லாவற்றையும் ஒட்டவைத்து ஒரு புரளி. பார்த்தவர்களுக்குக் குலை நடுங்கியது. ஊரிலிருந்து அம்மா போன் செய்து அழுதால் யார்தான் நிற்பார்கள்? ஹோலி நேரம் வேறு. ஏற்கெனவே கிளம்புகிறவர்களோடு பயந்தவர்களும் சேர்ந்து ரயில் ஏறினார்கள். பீகார் அரசாங்கம் அதிகாரிகள் குழுவை அனுப்பியது. அவர்கள் திருப்பூருக்கும் வந்து தொழிலாளிகளிடம் நேரில் பேசினார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று டி.ஜி.பி. வீடியோவில் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

பக்கத்து மிஷின்காரருக்குத் தெரியும், திருப்பூரில் கொலையும் இல்லை, கலவரமும் இல்லை என்று. தினமும் ஒரே கடையில் டீ குடிக்கிறவர்கள்தானே. ஆனால் இவருக்குக் கேட்கத் தெரியவில்லை, அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. இருவருக்கும் நடுவே ஒன்றரை அடி பெஞ்சு.

திருப்பூர் போலீஸ் அப்போது உடனடியாகச் செய்த காரியங்களில் ஒன்று, இந்தி தெரிந்தவர்களை உட்காரவைத்து ஓர் உதவி எண்ணை அறிவித்தது. போன் போட்டால் எதிர்முனையில் இந்தியில் பதில் சொல்ல ஆள் இருந்தார்.