200 மணி நேரம் சேவை செஞ்சேன்: அதை யார் செக் பண்றது?

இந்த எபிசோட் ஒரு போன் நம்பரைப் பற்றியது.

அமெரிக்காவில் டாக்டருக்குப் படிக்க ஆசைப்படுகிறவர்களில் பெரும்பாலானோர் ஆம்காஸ் என்ற ஒரே பொது விண்ணப்பத்தை நிரப்புகிறார்கள். மார்க், பாடங்கள் எல்லாம் போக, அதில் நீங்கள் வெளியில் என்னென்ன செய்தீர்கள் என்று எழுத 15 கட்டங்கள் இருக்கும். ஆஸ்பத்திரியில் தன்னார்வலராக நின்றது, ஆய்வகத்தில் உதவியது, சின்னப் பசங்களுக்கு டியூஷன் எடுத்தது, எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் என்ற கணக்கு, 700 எழுத்துக்குள் ஒரு விளக்கம். 3 விஷயங்களை மட்டும் ‘ரொம்ப முக்கியமானது’ என்று குறித்து, கூடுதலாக 1,325 எழுத்து வரை எழுதலாம். அதோடு, இது உண்மைதான் என்று சொல்லக்கூடிய ஒருவருடைய பெயரும் போன் நம்பரோ இமெயிலோ தர வேண்டும்.

என் கேள்வி ரொம்ப சிம்பிள். அந்த நம்பருக்கு யாராவது கூப்பிடுறாங்களா?

மார்க் விஷயத்தில் ஆம்காஸ் படு கறார். நீங்கள் டைப் செய்த ஒவ்வொரு பாடத்தையும் கல்லூரியிலிருந்து நேரடியாக வரும் மதிப்பெண் சான்றிதழோடு ஒப்பிடுவார்கள். ஆனால் அந்த 15 கட்டங்களை அவர்கள் அப்படிச் சரிபார்ப்பதில்லை. அந்த வேலை ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியின் கையில். சந்தேகம் வந்தால் கூப்பிடலாம், சாம்பிளுக்குச் சிலரை எடுத்தும் கூப்பிடலாம், கூப்பிடாமலும் விடலாம். அப்போ எதை நம்பி இந்த சிஸ்டம் ஓடுது? அதுக்கு நூறு வருஷத்துக்கு மேல பின்னாடி போகணும்.

முதலில் செக் பண்ணியது கல்லூரிகளை

1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிரச்சினையே வேறு. பொய் சொன்னது விண்ணப்பித்தவர்கள் மட்டுமில்லை, கல்லூரிகளும்தான். காசு கட்டினால் சீட் என்ற நிலையில் நிறைய கல்லூரிகள் இருந்தன. கார்னகி அறக்கட்டளை ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் என்பவரை அனுப்பியது. அவர் டாக்டர் இல்லை, பள்ளிக்கூடம் நடத்தியவர். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளைப் பார்த்து, 1910இல் அறிக்கை கொடுத்தார்.

அவர் பின்னாளில் தன் சுயசரிதையில் சொன்ன ஒரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அயோவா மாநிலத்தில் ஒரு கல்லூரி. கதவுகளில் உடற்கூறியல், உடலியங்கியல், நோயியல் என்று போர்டு. எல்லாக் கதவும் பூட்டியிருக்கிறது, சாவி கிடைக்கவில்லை என்கிறார்கள். சரி, பார்த்தது போதும் என்று சொல்லிவிட்டு ஃப்ளெக்ஸ்னர் ரயில் நிலையத்துக்குப் போகிறார். அவரை வழியனுப்பியவர் கிளம்பியதும், நேராகத் திரும்பி வந்து, வாட்ச்மேன் மாதிரி இருந்த ஊழியர் கையில் காசு கொடுத்துக் கதவைத் திறக்கச் சொல்கிறார். உள்ளே மேஜை, கரும்பலகை, நாற்காலிகள். அவ்வளவுதான், லேப் இல்லை!

அதாவது, எழுதியிருப்பதைப் படிக்காதே, கதவைத் திறந்து பார். நல்ல வெரிஃபிகேஷன்னா இதுதான். ஆனால் 155 கல்லூரிகளுக்கு ஒருத்தர் ரயிலேறிப் போகலாம். ஆயிரக்கணக்கான விண்ணப்பதாரர்களுக்கு எத்தனை கதவைத் தட்டுவது?

இன்னொன்றும் சொல்லியாகணும். அந்த அறிக்கைக்குப் பிறகு கறுப்பின மாணவர்களுக்காக இருந்த மருத்துவக் கல்லூரிகளில் ஹோவர்டு, மெஹாரி இரண்டு மட்டுமே மிஞ்சின. தரத்தைச் சரிபார்க்கிறோம் என்று தொடங்கியதற்கு இப்படியும் ஒரு விலை இருந்தது.

‘குணம்’ என்ற வார்த்தை உள்ளே வந்த கதை

1920களில் நிறைய மருத்துவ மாணவர்கள் பாதியிலேயே படிப்பை விட்டார்கள். அதைக் குறைக்க 1928இல் ஒரு பொதுத் தேர்வு வந்தது. இன்றைய எம்கேட் தேர்வின் பாட்டன் அது. மார்க்கைப் பொறுத்தவரை கதை அங்கேயே ஓரளவு முடிந்துவிட்டது.

ஆனால் அதே காலத்தில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் மாதிரியான இடங்களில் வேறொரு ‘பிரச்சினை’ பேசப்பட்டது. மார்க் மட்டும் பார்த்தால் யூத மாணவர்கள் அதிகம் வந்துவிடுகிறார்கள்! அதனால் குணம், தலைமைப் பண்பு, விளையாட்டு என்று மார்க்குக்கு வெளியே இருக்கும் விஷயங்களுக்கு எடை கூட்டினார்கள். சமூகவியலாளர் ஜெரோம் காராபெல் இதை விரிவாக ஆவணப்படுத்தியிருக்கிறார். மருத்துவக் கல்லூரிகளிலும் யூதர்களுக்கு எழுதப்படாத கோட்டா இருந்தது. போலியோ தடுப்பூசி கண்டுபிடித்த ஜோனஸ் சால்க் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் படித்ததற்கு ஒரு காரணம், அங்கே அந்தப் பாகுபாடு இல்லை என்பது.

இதை ஏன் சொல்றேன்னா, சரிபார்க்க முடியாத ஒரு அளவுகோலை வைத்தால், பேனா யார் கையில் இருக்கோ அவர் நினைப்பதுதான் முடிவு. இன்று நாம் நல்ல விஷயமாகப் பார்க்கும் ‘படிப்புக்கு வெளியே என்ன செஞ்சே’ என்ற கேள்வியின் ஒரு வேர் இந்த மண்ணில்தான் இருக்கிறது.

ஒரு இன்ஜினியரும் 468 மார்க்கும்

1973. ஆலன் பாக்கி, நாசாவில் இன்ஜினியர், வயது முப்பதைத் தாண்டிவிட்டது. டாக்டர் ஆகணும்னு வேலை பார்த்துக்கிட்டே தேவையான அறிவியல் பாடங்களைப் படித்தார். ஆஸ்பத்திரியில் தன்னார்வலராகவும் இருந்தார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். 500க்கு 468. சீட் இல்லை. அடுத்த வருஷம் 600க்கு 549. அப்பவும் இல்லை. 100 இடங்களில் 16 சிறுபான்மையினருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது என்று வழக்குப் போட்டார். 1978இல் உச்ச நீதிமன்றம் அவரைச் சேர்க்கச் சொன்னது. படித்து முடித்து மயக்க மருந்து நிபுணர் ஆனார்.

எல்லாரும் இந்த வழக்கை இட ஒதுக்கீட்டுக்காகப் பேசுவார்கள். நான் அந்த 468ஐப் பார்க்கிறேன். அதற்குள் என்ன இருந்தது? நேர்காணல், கல்லூரி மார்க், எம்கேட், பரிந்துரைக் கடிதங்கள், கூடவே படிப்புக்கு வெளியே செய்தவை. சேவை, ஆர்வம் எல்லாம் ஏற்கெனவே ஒரு எண்ணுக்குள் கரைந்துவிட்டது. எண்ணாக மாறியதும் துல்லியமான ஒன்று மாதிரித் தெரிய ஆரம்பிக்கும். இன்புட் சரியா என்று யாரும் கேட்பதில்லை.

234 பைஜாமாக்கள்

இப்போ பிரிட்டன். அங்கே விண்ணப்பங்கள் யூகாஸ் அமைப்பு வழியாகப் போகும். 2007இல் வெளியான செய்தி இது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவப் படிப்புகளுக்கு வந்த சுமார் 50,000 சுயவிளக்கக் கட்டுரைகளைச் சாஃப்ட்வேர் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 234 பேர் ஒரே அனுபவத்தை எழுதியிருந்தார்கள்: சின்ன வயதில் கெமிஸ்ட்ரி செட் வைத்து விளையாடியபோது பைஜாமாவில் ஓட்டை விழுந்ததாம், அன்றிலிருந்து அறிவியல் மேல் காதலாம்.

சிரிப்பு வருதுல்ல? ஆனால் கவனிங்க. அந்த மெஷின் பிடித்தது காப்பியை, பொய்யை இல்லை. சொந்தமாக ஒரு பொய்யை உருவாக்கியவர் அன்று தப்பித்திருப்பார்.

இறந்தகாலத்தைச் சரிபார்க்காமல்…

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இன்னும் வெளிப்படையான முறை. விண்ணப்பத்தில் நீங்கள் பட்டியலிடும் ஒவ்வொரு செயலுக்கும் ‘வெரிஃபையர்’ ஒருவர் பெயர் கொடுக்க வேண்டும். டொரொன்டோவில் இருக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு இது நல்லாவே தெரியும். முன்பு வேலை செய்த இடத்தின் மேனேஜரை எங்கிருந்தாலும் தேடிப் பிடிக்க வேண்டும்.

அதே மாகாணத்தின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் வேறு கோணத்தில் யோசித்தார்கள். வீட்டிலிருந்து எழுதி அனுப்புவதை யார் எழுதினார்கள் என்றே தெரியாது. பழையதைத் தோண்டுவதைவிட, ஆளை நேரில் வைத்துப் பார்த்தால் என்ன? 2000களின் தொடக்கத்தில் அவர்கள் உருவாக்கிய பல குறு நேர்காணல் முறை இப்போது பல நாடுகளில் இருக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒரு அறை, ஒவ்வொன்றிலும் புதுச் சூழல், புது மதிப்பீட்டாளர். என் தொழில் பாஷையில் சொன்னால், ரெஸ்யூமேயை நம்பாமல் லைவ் கோடிங் வைப்பது.

சாதாரண நேர்காணலும் இதில் பாதி வேலையைச் செய்துவிடும். முதியோர் இல்லத்தில் 200 மணி நேரம் இருந்தேன் என்கிறவரிடம், அங்கே உங்களால் மறக்க முடியாத ஒருவரைப் பற்றிச் சொல்லுங்க என்று கேட்டால் போதும். போனவர் பேசிக்கொண்டே இருப்பார். போகாதவர் பொதுவாகப் பேசுவார்.

அப்புறம் பயம். எல்லாம் உண்மை என்று விண்ணப்பதாரர் உறுதி கொடுக்கிறார். முரண்பாடு தெரிந்தால் ஆம்காஸ் விசாரிக்கலாம், அந்த அறிக்கை கல்லூரிகளுக்குப் போகலாம். சீட் கிடைத்த பிறகு தெரிந்தாலும் சீட் போகலாம்.

அப்போ அடி வாங்குறது யாரு?

என் ரெஸ்யூமேயில் கல்லூரியில் என்.எஸ்.எஸ்.ஸில் இருந்தேன் என்று ஒரு வரி இருக்கிறது. வேலைக்குச் சேரும்போது மார்க் ஷீட்டைத் துருவித் துருவிப் பார்த்தார்கள். அந்த வரியை இதுவரை யாரும் கேட்டதில்லை. செக் பண்ண ஈஸியா இருப்பதைத்தான் எல்லா சிஸ்டமும் செக் பண்ணும்.

அதன் விளைவைப் பாருங்கள். தெரிந்த டாக்டர் மாமாவின் கிளினிக்கில் நாலு நாள் எட்டிப் பார்த்துவிட்டு 200 மணி நேரம் என்று எழுதும் பையனுக்கு, போன் எடுத்து ஆமா என்று சொல்ல மாமா இருக்கிறார். படுத்த படுக்கையான பாட்டியை இரண்டு வருஷம் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு எந்த ஆபீஸ் நம்பர் இருக்கிறது? அவள் செய்தது முழு உண்மை. ஆனால் அந்த முழு உண்மைக்குச் சாட்சி அவள் வீட்டு ஆட்கள் மட்டும்தான்.

இதனால்தான் ‘எல்லாருக்கும் போன் போட்டுச் செக் பண்ணுங்க’ என்பது முழுத் தீர்வாகாது என்று நினைக்கிறேன். போன் போட்டால் தெரியவருவது, உங்களுக்குச் சாட்சி சொல்ல ஒரு ஆள் இருக்கிறாரா என்பதுதான். ஃப்ளெக்ஸ்னர் மாதிரி கதவைத் திறக்க வேண்டுமென்றால், அந்தப் பெண்ணை எதிரே உட்கார வைத்து, பாட்டியைப் பற்றிச் சொல்லும்மா என்று கேட்க ஒருவருக்கு நேரம் இருக்க வேண்டும்.

நீங்கள் அமெரிக்காவிலோ கனடாவிலோ இப்படி விண்ணப்பித்தவராக இருந்தால், உங்கள் வெரிஃபையருக்கு போன் வந்ததா என்று எழுதுங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.