மதுரையில் டிரைப்பின் கேமரா: கண்ணாடிக்கு மாற்றாக மெழுகுத்தாள் (1858)

லின்னேயஸ் டிரைப் (1822–1902) சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராகப் பணியாற்றிய ஆங்கிலேய இராணுவ அதிகாரி. மதுரையின் மிகப் பழைய புகைப்படங்களுள் முதன்மையானவை 1858ஆம் ஆண்டின் சனவரி, பிப்ரவரி மாதங்களில் இவர் எடுத்தவை. கண்ணாடித் தட்டுகள் வேகமாகப் பரவிவந்த அக்காலத்தில், டிரைப் தம் பெரிய படங்களுக்குப் பெரும்பாலும் மெழுகு ஏற்றிய தாளையே நெகட்டிவாகப் பயன்படுத்தினார். சுமையைக் குறைக்க உதவிய இந்தத் தேர்வு, படங்களில் மதுரை எப்படித் தெரிகிறது என்பதையும் மாற்றிவிட்டது. அதை அறியாமல் இப்படங்களை வரலாற்றுச் சான்றாகப் படித்தால் தவறான முடிவுக்கு வர நேரிடும்.

டிரைப்பின் பயணம்

இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்த டிரைப், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்து இந்தியா வந்தார். 1854இல் பேலூர், ஹளேபீடு ஆகிய ஊர்களின் ஹொய்சளக் கோயில்களைப் படமெடுத்தார். 1855இல் சென்னையில் நடந்த கண்காட்சியில் இப்படங்கள் பாராட்டுப் பெற்றன. அதே ஆண்டில் பர்மாவின் ஆவா அரசவைக்குச் சென்ற ஆங்கிலத் தூதுக்குழுவுடன் புகைப்படக்காரராகப் போனார். 1856இல் சென்னை அரசு இவரைத் தன் புகைப்படக் கலைஞராக நியமித்தது. கட்டடங்களையும் கல்வெட்டுகளையும் அவை அழிவதற்குள் பதிவுசெய்வது இவருக்கு இடப்பட்ட பணிகளில் முக்கியமானது.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். வடக்கே சிப்பாய்களின் கிளர்ச்சி இன்னும் அடங்காத நேரம் அது. இராயக்கோட்டை, சேலம் பகுதி, திருவரங்கம், திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை எனச் சுற்றி 1858 ஏப்ரலில் பயணத்தை முடித்தார். தென் மாவட்டங்களுக்கு அப்போது இரயில் கிடையாது. மாட்டு வண்டி, சுமையாட்கள், மண் சாலை ஆகியவையே துணை.

இப்பணியில் தமிழர் ஒருவரின் பங்கும் உண்டு. சென்னைத் தொழிற்கலைப் பள்ளியைச் சேர்ந்த சி. அய்யாசாமி டிரைப்பின் உதவியாளராக இருந்தார். டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் தொடங்கிய அப்பள்ளியே இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி.

கேமரா ஏன் பெரிதாக இருந்தது?

பெட்டியைச் சிறியதாகச் செய்திருந்தாலே சுமை குறைந்திருக்குமே என்று மாணவர்கள் கேட்கலாம். 1858இல் அது எளிதன்று. இன்று சிறிய படத்தை எத்தனை மடங்கு வேண்டுமானாலும் பெரிதாக்கிக்கொள்கிறோம். அன்று நெகட்டிவை அச்சுத்தாளின் மேல் நேரடியாக வைத்து, வெயிலில் காட்டி அச்செடுத்தனர். ஆகவே நெகட்டிவின் அளவே படத்தின் அளவு. பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய நெகட்டிவ் வேண்டும். அதைத் தாங்கப் பெரிய பெட்டியும், பெட்டியைத் தாங்க உறுதியான முக்காலியும் வேண்டும்.

டிரைப்பின் பெரிய நெகட்டிவுகள் ஏறக்குறைய 12 அங்குல அகலமும் 15 அங்குல நீளமும் கொண்டவை. கோபுரத்தின் சுதைச் சிற்பங்களும் தூணின் செதுக்கு வேலையும் தெளிவாகத் தெரிய இந்த அளவு தேவைப்பட்டது. பெட்டியைச் சுருக்க வழியில்லை என்றால் சுமையைக் குறைக்க ஒரே வழி, பெட்டிக்குள் வைக்கும் பொருளை மாற்றுவதுதான்.

கண்ணாடியும் தாளும்

அன்று புகைப்படக்காரர் முன் இரண்டு முறைகள் இருந்தன.

முதலாவது, ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தட்டில் கொலோடியன் என்னும் பிசுபிசுப்பான கரைசலைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் நனைத்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே உருத்துலக்க வேண்டும். எல்லாம் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் முடிய வேண்டும். மதுரை வெயிலில் அதற்கும் முன்பே காய்ந்துவிடும். எனவே படமெடுக்கும் இடத்திற்கெல்லாம் இருட்டுக் கூடாரமும், மருந்துப் புட்டிகளும், தண்ணீரும் கூடவே போக வேண்டும்.

இரண்டாவது தாள் முறை. வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1841இல் காப்புரிமை பெற்ற தாள் நெகட்டிவை, பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே 1851இல் மேம்படுத்தினார். தாளில் முதலில் தேன்மெழுகை உருக்கி ஏற்ற வேண்டும். பிறகு அயோடைடு கரைசலிலும் வெள்ளி நைட்ரேட்டிலும் ஊறவைத்து உலர்த்த வேண்டும். இப்படித் தயாரித்த தாளைச் சில நாட்கள் வைத்திருந்து பயன்படுத்தலாம். படமெடுத்தவுடன் உருத்துலக்க வேண்டிய அவசரமும் இல்லை. பகலில் படமெடுத்துவிட்டு, இரவில் தங்குமிடத்தில் காலிக் அமிலத்தில் உருத்துலக்கிக்கொள்ளலாம்.

சுமையை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 12க்கு 15 அங்குலமும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள கண்ணாடித் தட்டு ஒன்றின் எடை ஏறத்தாழ 870 கிராம். நூறு தட்டுகள் 87 கிலோ. அதே அளவு மெழுகுத்தாள், ஒன்று 20 கிராம் என்று வைத்துக்கொண்டாலும், நூறும் சேர்ந்து 2 கிலோதான். குண்டும் குழியுமான பாதையில் வண்டி குலுங்கினாலும் தாள் உடையாது.

டிரைப் கண்ணாடியை அறவே ஒதுக்கிவிடவில்லை. இந்தப் பயணத்தில் கண்ணாடியையும் பயன்படுத்தினார். ஆயினும் பெரிய படங்களுக்குத் தாளே அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 6 மீட்டர் நீளமுள்ள ஒரே படமாக்கியதும் இதே பயணத்தில்தான்.

அவர் கண்ட மதுரை

மதுரைப் படங்கள் 1858இல் நான்கு பகுதிகளாக வெளியாயின. மீனாட்சியம்மன் கோயிலின் பகுதிகள், கோயில் நகைகள், புதுமண்டபம், மாரியம்மன் தெப்பக்குளம், வைகையும் அதன் குறுக்கே இருந்த தரைப்பாலமும், ஊருக்கு வெளியே யானைமலை ஆகியவை அவற்றில் உள்ளன. கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டு நகரம் விரிவடையக் காரணமான ஆட்சியர் பிளாக்பர்னின் நினைவாக எழுப்பப்பட்ட விளக்குத்தூணும் உண்டு.

வரலாற்று மாணவர்களுக்கு மிகவும் பயன்படுவது திருமலை நாயக்கர் மகால் படங்களே. 1636இல் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் அந்த அரண்மனையின் பெரும்பகுதி அதற்குள் அழிந்துபோயிருந்தது. எஞ்சியதைப் பழுதுபார்க்கும் வேலை, 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் முயற்சியால் நடந்தது. அதற்கு முன் தூண்களும் வளைவுகளும் எந்த நிலையில் இருந்தன என்பதை டிரைப்பின் படங்கள் காட்டுகின்றன. இன்று நாம் காணும் மகாலில் எது பழையது, எது பின்னர் பூசப்பட்டது என்று ஆராய்வோருக்கு இவை நேரடிச் சான்று.

இலேசான தாளுக்குக் கொடுத்த விலை

தாளின் பெரிய குறை அதன் மந்தம். கண்ணாடியில் சில விநாடிகளில் பதியும் காட்சி தாளில் பதியப் பல நிமிடங்கள் ஆகும். அத்தனை நேரமும் கேமராவின் கண் திறந்தே இருக்கும். கோபுரமும் யானைமலையும் அசையாமல் நிற்கும். ஆனால் நடந்து செல்பவர் படத்தில் பதியமாட்டார். அதிகம் போனால் புகை போன்ற ஒரு கறையாக நிற்பார். நீர்ப்பரப்பின் அலைகள் மறைந்து கண்ணாடி போல் மழமழப்பாகிவிடும். காற்றில் ஆடும் இலைகள் குழம்பிவிடும்.

வானமும் ஒரு சிக்கல். அக்காலத்து வெள்ளி உப்புகள் நீல ஒளியை மிக விரைவாக ஏற்றதால், நீல வானம் அச்சில் வெறும் வெள்ளையாக வந்தது. டிரைப் சில நெகட்டிவுகளில் வண்ணம் தீட்டி மேகங்களைச் சேர்த்தார். மர இலைகளையும் தெளிவாக்கினார். எனவே அவர் படத்தில் மேகத்தைக் கண்டு, அன்று மதுரையில் மேகமூட்டம் என்று எழுதிவிடக் கூடாது.

ஆளற்ற வெளிகளைப் பற்றியும் இதே எச்சரிக்கை தேவை. அவர் படமெடுத்தது தை, மாசி மாதங்களில். மதுரையில் அறுவடையும் திருவிழாவுமாகக் கூட்டம் நிறையும் பருவம் அது. படங்களிலோ தெருவும் மண்டபமும் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடக்கின்றன. இதைப் பார்த்து, நாயக்கர் காலத்துக்குப் பின் மதுரை பாழடைந்து கிடந்தது என்று எண்ணத் தோன்றும். தாளின் மந்தம் அசைபவர்களைப் பதிவுசெய்யவில்லை. அரசு கேட்டதும் கட்டடங்களையே, மக்களை அல்ல. இந்த இரண்டு காரணங்களையும் சேர்த்தே அந்த வெறுமையை விளங்கிக்கொள்ள வேண்டும்.

பணியின் முடிவு

1859இல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன், அரசுப் பணத்தில் இப்படிப் புகைப்படத் துறை நடத்துவது ஆடம்பரச் செலவு என்று கருதி அதை நிறுத்தினார். டிரைப் இராணுவத்தில் தொடர்ந்தாலும், அதன்பின் இத்தகைய பெரிய பணியில் ஈடுபடவில்லை. அவருக்குப் பின் 1860களில் மதுரையைப் படமெடுத்த எட்மண்ட் டேவிட் லயன் கண்ணாடித் தட்டுகளையே பயன்படுத்தினார். தெளிவும் வேகமும் கூடின, சுமையும் கூடியது. அதே காலத்தில், 1863இல், இமயமலையில் படமெடுக்கச் சென்ற சாமுவேல் போர்னுக்குக் கருவிகளைத் தூக்க ஏறத்தாழ முப்பது சுமையாட்கள் தேவைப்பட்டனர்.

சுமை குறைந்த வரலாறு

1871இல் ரிச்சர்டு லீச் மேடாக்ஸ் உலர் ஜெலட்டின் தட்டு முறையை வெளியிட்டார். இருட்டுக் கூடாரம் தேவையற்றதாயிற்று. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கொண்டுவந்த கோடாக் கேமராவில் நூறு படங்கள் எடுக்கத்தக்க சுருள் இருந்தது. அந்த முதல் சுருளின் அடித்தளம் தாளே. அடுத்த ஆண்டில்தான் செல்லுலாய்டு வந்தது. கண்ணாடியின் எடையிலிருந்து விடுபட, டிரைப் நாடிய அதே தாளை ஈஸ்ட்மனும் நாடினார்.

ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பார்னாக் ஆஸ்துமா நோயாளி. கனத்த தட்டுக் கேமராவைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் நடக்க அவரால் முடியவில்லை. 35 மில்லிமீட்டர் திரைப்படச் சுருளைப் பயன்படுத்தும் சிறிய கேமரா ஒன்றை அவர் 1914 அளவில் உருவாக்கினார். அதுவே 1925இல் லைகா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதன் நெகட்டிவ் 24க்கு 36 மில்லிமீட்டர். டிரைப்பின் நெகட்டிவ் பரப்பளவில் அதைப்போல் ஏறத்தாழ 134 மடங்கு. பெரிதாக்கும் கருவிகள் வந்துவிட்டதால்தான் பெட்டி சுருங்க முடிந்தது.

எல்லோரும் இலேசான கேமராவுக்கு மாறிவிடவும் இல்லை. அ. மாதவையாவின் மகனும் காட்டுயிர் ஆய்வாளருமான மா. கிருஷ்ணன் (1912–1996), பல பாகங்களைத் தாமே பொருத்திச் செய்த கனத்த கேமராவைக் காடுகளில் சுமந்து திரிந்தார். அதன் கனத்தைக் கேலி செய்யும் விதமாக அதற்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்தார். கறுப்பு வெள்ளையில் யானையின் தோல் மடிப்புவரை காட்ட விரும்பிய அவருக்கு அந்தச் சுமை தகுந்ததாக இருந்தது.

பழைய படத்தைப் படிக்கும் முறை

டிரைப்பின் மதுரைப் படங்கள் லண்டனின் பிரித்தானிய நூலகம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் முதலிய இடங்களில் உள்ளன. பலவற்றை இணையத்திலும் காணலாம். 2014–15இல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களில் இவர் படங்களின் பெரிய கண்காட்சி நடந்தது.

இப்படங்களை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. நெகட்டிவ் தாளா, கண்ணாடியா? கேமரா எவ்வளவு நேரம் திறந்திருக்கும்? படத்தை எடுக்கச் சொன்னவர் எதற்காகச் சொன்னார்? கட்டடத்தின் அமைப்பு, சிதைவு, அளவு ஆகியவற்றுக்கு டிரைப்பின் படங்களை உறுதியான சான்றாகக் கொள்ளலாம். ஊரின் நடமாட்டம், வானிலை, நீரின் ஓட்டம் ஆகியவற்றுக்கு அக்காலத்து ஆவணங்களையும் பயணக் குறிப்புகளையும் நாட வேண்டும். மதுரையில் இருப்பவர்கள் புதுமண்டபத்தின் அருகிலோ தெப்பக்குளக் கரையிலோ நின்று, 1858ஆம் ஆண்டுப் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தால், எவை மாறின, எவை முதலிலிருந்தே படத்தில் பதியவில்லை என்பதைப் பிரித்தறிந்துகொள்ளலாம்.